எம்.எஸ்ஸி. இயற்பியல் ப்ராஜெக்ட்: இலைச்சாறு நானோவா, வேறு ஏதாவதா?

காவிரிக்கரை, டிசம்பர் 4

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருவையாறு பக்கம். அரசுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாலாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட், ஏப்ரல் கடைசியில் வைவா (வாய்மொழித் தேர்வு).

எங்கள் வகுப்பில் 14 பேர். அதில் 11 பேருக்குக் கிட்டத்தட்ட ஒரே தலைப்பு: ஏதாவது ஒரு இலைச்சாற்றில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள் தயாரிப்பது. இலை மட்டும் மாறுகிறது. ஒருத்திக்கு வேம்பு, ஒருத்திக்கு முருங்கை, எனக்கு ஆவாரை. போன வருட சீனியர்களின் ரெக்கார்டை லைப்ரரியில் எடுத்துப் பார்த்தேன். முன்னுரை வரிக்கு வரி ஒன்றாகவே இருக்கிறது.

கைடு நல்ல மனிதர். "வேறு யோசனை இருந்தால் பொங்கலுக்குள் சொல்லும்மா, பார்க்கலாம்" என்றார். ஆனால் யோசனை எங்கிருந்து வரும் என்றுதான் தெரியவில்லை. எங்கள் லேபில் நிறமாலைமானி, சோனாமீட்டர், ஒரு பழைய சி.ஆர்.ஓ. (அலைகாட்டி), டிராவலிங் மைக்ராஸ்கோப் இருக்கின்றன. எக்ஸ்ரே கருவி எல்லாம் கிடையாது. இதை வைத்து ஆராய்ச்சி என்று சொல்லும்படி ஏதாவது செய்ய முடியுமா? தலைப்பை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பழைய லேப், டிசம்பர் 4

வணக்கம் அம்மா. 31 வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். வைவாவுக்கு வெளித்தேர்வாளராக நிறையப் போயிருக்கிறேன்.

நானோ துகள் தப்பான தலைப்பு என்று சொல்ல மாட்டேன். நடக்கும் விதம்தான் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. பிள்ளைகள் பொடியை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெயர் எழுதி, வேறு ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே எக்ஸ்ரே கருவிக்கு வரிசை. பணம் கட்டி ஒரு மாதம் காத்திருந்தால் ஈமெயிலில் இரண்டு பத்தி எண்கள் வரும். அதை கிராஃப் போட்டு, எக்ஸ்ரே கோட்டின் அகலத்திலிருந்து துகளின் அளவைச் சொல்லும் ஷெரர் சமன்பாட்டில் வைத்து, துகளின் அளவு 23.47 நானோமீட்டர் என்று எழுதிவிடுவார்கள். கருவியைப் பிள்ளை கண்ணால் பார்த்தே இருக்காது.

வைவாவில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "இந்த 23.47-ல் எத்தனை இலக்கத்தை நம்புகிறாய்?" அமைதியாகிவிடுவார்கள். அந்தக் கருவியே ஒவ்வொரு கோட்டையும் கொஞ்சம் அகலப்படுத்தும். அதைக் கழித்தாக வேண்டும். படிகத்துக்குள் திரிபு இருந்தால் அதுவும் கோட்டை அகலமாக்கும். ஷெரர் சமன்பாட்டுக்கு அது தெரியாது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 47-க்கு அர்த்தமே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காததற்குப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

ஆவாரையைத்தான் செய்ய வேண்டி வந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், உதாரணமாகப் பொடியைச் சூடாக்கும் வெப்பநிலையை. ஒவ்வொரு வெப்பநிலையிலும் மூன்று முறை புதிதாகத் தயாரியுங்கள். அந்த மூன்றும் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரியாமல், 400 டிகிரிக்கும் 500 டிகிரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசவே முடியாது.

ஆனால் என் விருப்பத்தைக் கேட்டால், நீங்களே தொட்டு, திருகி, கெடுத்து, மறுபடி சரிசெய்யக்கூடிய கருவியால் விடை கிடைக்கும் கேள்வியாகப் பாருங்கள்.


வைகை, டிசம்பர் 5

நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். என் ப்ராஜெக்டை நான் செய்யவில்லை, வாங்கினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஒரு ப்ராஜெக்ட் சென்டர். பணம் கட்டினால் தலைப்பு, அளவீடு, கிராஃப், பைண்டிங் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம் அது. வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் போனோம்.

வைவாவில் மார்க் வந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இளநிலை ஆய்வாளர் நேர்காணல். "உங்கள் மெல்லிய படலத்தின் தடிமனை எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டார்கள். பக்கம் 34-ல் ஒரு எண் இருந்தது ஞாபகம் வந்தது. அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அந்த அறையில் இருந்த ஐந்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை. இப்போது பள்ளியில் வாத்தியாராக இருக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளிடம் தனி ஊசலை வைத்து ஈர்ப்பு முடுக்கம் எடுக்கச் சொல்லும்போது, 9.8 வரவில்லை என்றால் அழித்து எழுதாதே, ஏன் வரவில்லை என்று எழுது என்பேன்.

தங்கச்சி, சின்னதாக இருந்தாலும் உங்கள் கையால் அளந்ததாக இருக்கட்டும்.


நீலக்கோடு, டிசம்பர் 6

முனைவர் பட்டத்துக்கு நாலாவது வருடம். பழைய லேப் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

தமிழ்நாட்டில் நானோவுக்கு முன்னால் இருந்தே ஓடிக்கொண்டிருப்பது படிக வளர்ப்பு. பீக்கரில் கரைசல், மேலே ஓட்டை போட்ட கவர், மெதுவாக ஆவியாக விடுவது. செலவு குறைவு, பொறுமை மட்டும் போதும். நான் எம்.எஸ்ஸி.யில் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சோடியம் குளோரைடைக் கலந்து வைத்தேன். இரண்டு வாரத்தில் அழகான படிகம் வந்தது. லேசர் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கவும் செய்தது. தண்ணீரில் வெறும் கிளைசினை வளர்த்தால் வரும் ஆல்ஃபா வடிவம் அதைச் செய்யாது. புதுப் பொருள் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டேன்.

என் கைடு அலகுக் கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின்) அளவுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது காமா கிளைசின். உப்பு கரைசலில் இருந்தது, படிகத்துக்குள் போகவில்லை" என்றார். காமா வடிவத்துக்கு மையச் சமச்சீர் கிடையாது, அதனால்தான் இரட்டிப்பாக்குகிறது. இதே தவறு பத்திரிகைகளில் அச்சாகி, பிறகு மறுப்பும் வந்திருக்கிறது. அன்றைக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஆனால் தலைப்பை "உப்பு சேர்த்தால் கிளைசின் ஏன் காமாவாக வளர்கிறது" என்று மாற்றிக்கொண்டேன். அதில் கற்றுக்கொண்டதுதான் இன்றைக்கும் உதவுகிறது.

தலைப்பு என்று தேடாதீர்கள், கேள்வியாகத் தேடுங்கள். "ஆவாரை இலையில் நானோ" என்பது ஒரு பொருளின் பெயர். அதற்கு ஆம், இல்லை, இவ்வளவு என்று பதில் சொல்ல முடியாது. உங்களைச் சுற்றி, உங்கள் வீட்டில், ஊரில், ஏன் இப்படி என்று எப்போதாவது தோன்றிய ஒன்று இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.


காவிரிக்கரை, டிசம்பர் 9

எல்லோருக்கும் நன்றி. வைகை அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

நீலக்கோடு அக்கா சொன்னபின் யோசித்தேன். என் தம்பி மிருதங்கம் கற்கிறான். தினமும் வாசிக்கும் முன்னால் கல்லையும் புள் என்ற மரத்துண்டையும் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதி சேர்ப்பான். ஒரு இடத்தில் தட்டினால் இன்னொரு இடம் மாறிவிடும். பாடத்தில் படித்த வட்டச் சவ்வின் அதிர்வெண்கள் முழு எண் விகிதத்தில் வராது, 1, 1.59, 2.14 என்று போகும். ஆனால் மிருதங்கத்துக்குச் சுருதி இருக்கிறது. இதைப் பற்றி ஏதாவது செய்யலாமா? சோனாமீட்டரைத் தவிர லேபில் ஒலிக்கான கருவி இல்லை, ஃபோன் மட்டும்தான்.


பழைய லேப், டிசம்பர் 9

அம்மா, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே தன் முதல் கட்டுரையை எழுதினார். முப்பட்டகத்தின் கோணத்தை நிறமாலைமானியில் அளப்பது எல்லா மாணவர்களும் செய்யும் பயிற்சி. ஒளி மிகச் சாய்வாக விழும்போது தெரிந்த விளிம்பு விளைவுப் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதை அவர் கவனித்தார். அந்தக் கட்டுரை 1906-ல் லண்டன் பத்திரிகையில் வந்தது. அப்போது அவருக்கு 18 வயது. உங்கள் லேபில் இருப்பதும் அதே நிறமாலைமானிதான்.

நீங்கள் கேட்ட மிருதங்கக் கேள்வியையும் அவரே எடுத்திருக்கிறார். 1920-ல் ஒரு சிறு குறிப்பு. பிறகு 1934-ல் விரிவான கட்டுரை, இந்திய அறிவியல் அகாடமியின் இதழில். அது அகாடமியின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மணலைத் தூவி, தோல் எங்கெங்கே அசையாமல் நிற்கிறது என்று படம் பிடித்தார். வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) முக்கியமான ஒன்பது மோடுகள் (அதிர்வு முறைகள்) ஐந்து சீரிசைகளாக, அதாவது அடிப்படையின் முழு மடங்குகளாகச் சேர்ந்துகொள்கின்றன: அடிப்படை ஒன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் மூன்று.

காரணம் நடுவில் இருக்கும் கரணை என்ற கருப்புப் பூச்சு. வெறும் தோலில் முதல் இரண்டுக்கும் விகிதம் 1.59. அதை 2 ஆக்க வேண்டும். அடிப்படை மோடில் நடுப்பகுதிதான் அதிகமாக ஆடுகிறது. இரண்டாவதில் நடுவே ஒரு கணுக்கோடு ஓடுகிறது, அங்கே அசைவே இல்லை. நடுவில் எடையை வைத்தால் அடிப்படை நன்றாக இறங்கும், இரண்டாவது அவ்வளவு இறங்காது. இடைவெளி விரிந்து 2-ஐத் தொடும். இதைக் காதாலேயே கண்டுபிடித்தவர்கள் நம் கைவினைஞர்கள். நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.


பலாக்கட்டை, டிசம்பர் 11

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மிருதங்க வேலை. நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், பெரியப்பா இன்னும் செய்கிறார்.

கரணை ஒரே மூச்சில் வைப்பதில்லை. கிட்டக்கல் பொடியையும் குழைந்த சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, விரல் நுனி அளவு எடுத்துத் தடவி, வழவழப்பான கல்லால் காயும்வரை தேய்ப்பார்கள். அதன்மேல் அடுத்த பூச்சு. மேலே போகப் போக வட்டம் சுருங்கும். நடுநடுவே தட்டிப் பார்த்து, போதும் என்று காது சொன்னால் நிறுத்துவார். எத்தனை பூச்சு என்று பெரியப்பாவைக் கேட்டால் "எண்ணினா வேலை ஓடாது" என்பார்.

சுருதி சேர்ப்பதற்கு விளிம்பைச் சுற்றி 16 இடம், அவற்றைக் கண் என்போம். வாரோடு சேர்ந்த மூட்டு என்ற தோல் பின்னலை மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். பதினாறும் ஒரே குரலில் பேச வேண்டும். ஒன்று பேசாவிட்டாலும் நாதம் நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு உங்கள் பாடத்தில் என்ன பெயர்?


நீலக்கோடு, டிசம்பர் 12

பலாக்கட்டை அண்ணா கேட்டதுதான் கேள்வி. அதன் பெயர் விம்மல். நெருக்கமான இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலித்தால் வரும்.

காவிரிக்கரை, இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக்கூடாது. கரணை ஏற ஏற அதிர்வெண்கள் எப்படி மாறுகின்றன என்பதை ராசிங் என்ற அமெரிக்க ஒலியியலாளர் 1980களிலேயே அளந்துவிட்டார். அதையே திரும்பச் செய்தால் நல்ல பயிற்சிதான். ஆனால் உங்களுக்கென்று ஒரு கேள்வி பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது சீரிசையைத் தரும் மோடில் ஒரு கணுக்கோடு. அந்தக் கோடு எந்தத் திசையிலும் இருக்கலாம். அதனால் அது உண்மையில் இரட்டை. தோல் சுற்றிலும் ஒரே இழுவிசையில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே அதிர்வெண். எதிரெதிராக இரண்டு கண்களை, 1-ஐயும் 9-ஐயும், இறக்கினால் இரட்டை பிரிந்துவிடும். ஆனால் 1, 5, 9, 13 என்று நான்கையும் சமமாக இறக்கினால்? நான்கு பக்கச் சமச்சீர் இருக்கும்வரை அந்த இரட்டை பிரியவே கூடாது. அதற்குப் பதிலாக இரண்டு கணுக்கோடுகள் உள்ள இரட்டை பிரிய வேண்டும். குழுக் கோட்பாட்டில் (சமச்சீரைப் பற்றிய கணிதத்தில்) சதுரத்தின் சமச்சீருக்கு ஒரு அட்டவணை எழுதியிருப்பீர்களே, அதில் நேரடியாக இருக்கிறது. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறக்கும் அட்டவணையை ஒரு தோலில் கேட்க முடியும்.

இதில் உங்களுக்கு ஒரு கணிப்பு இருக்கிறது. தப்பாகப் போக வாய்ப்பும் இருக்கிறது. நல்ல ப்ராஜெக்டுக்கு இரண்டும் வேண்டும்.


காவிரிக்கரை, பிப்ரவரி 2

நீண்ட நாள் ஆகிவிட்டது. கைடு சம்மதித்துவிட்டார். தஞ்சாவூரில் மிருதங்கம் செய்யும் ஒரு பெரியவர் பழைய மிருதங்கம் ஒன்றைத் தந்தார். வலந்தலையில் கோலமாவு தூவிக் கணுக்கோட்டைப் பார்க்கலாம் என்று கேட்டேன். கரணைக்குள் தூசி போனால் கெட்டுவிடும் என்று கையைப் பிடித்துவிட்டார். அதனால் மைக் மட்டும்.

முதல் மூன்று வாரம் வீண் என்றே சொல்ல வேண்டும். எந்தப் பதிவின் அதிர்வெண் வரைபடத்திலும் 100 ஹெர்ட்ஸில் ஒரு சிகரம். தோலைத் தளர்த்தினாலும் இறுக்கினாலும் அது நகரவே இல்லை. மிருதங்கத்தைத் தட்டாமலே ஒருநாள் பதிவு செய்தேன், அப்போதும் இருந்தது. லேபில் பழைய ட்யூப்லைட் சோக். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் முனகுவது அதன் இரண்டு மடங்கில். விளக்கை அணைத்ததும் போய்விட்டது. இப்போது ஜன்னல் வெளிச்சத்தில்தான் அளக்கிறேன், ஃபேனும் கிடையாது.

அடுத்தது, ஃபோனில் இருந்த ரெக்கார்டர் ஒலியைத் தானாகவே ஏற்றி இறக்கிச் சுருக்கிவிடுகிறது என்று தெரிந்தது. சுருக்காமல் பதியும் செயலிக்கு மாறினேன். கையால் தட்டினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. தம்பி ஒரு பென்சிலின் நுனியில் ரப்பரைக் கட்டி, நூலில் தொங்கவிட்டு, ஒரே உயரத்திலிருந்து விழ வைத்தான். அதற்குப் பிறகுதான் பத்து முறை தட்டினால் பத்தும் ஒன்றுபோல் வந்தன.

ஒழுங்காகச் சுருதி சேர்த்த நிலையில் அடிப்படை 148, அடுத்தது 297 ஹெர்ட்ஸ். இரண்டையும் வகுத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். அந்த வரைபடம் போட மென்பொருளில் ஒலிப்பதிவின் 8192 புள்ளிகள் எடுத்தால் சிகரம் மொத்தையாக இருக்கிறது, 65536 எடுத்தால் ஊசி மாதிரி வருகிறது. அதிகமாக எடுத்துக்கொண்டே போனால் எவ்வளவு சின்னப் பிரிவையும் பார்த்துவிடலாமா?


பழைய லேப், பிப்ரவரி 3

பார்க்க முடியாது அம்மா. விநாடிக்கு 44100 புள்ளி என்றால் 8192 புள்ளிக்குப் படி 5.4 ஹெர்ட்ஸ், 65536-க்கு 0.67. ஆனால் 65536 புள்ளி என்பது ஒன்றரை விநாடி. அவ்வளவு நேரம் உங்கள் மிருதங்கம் ஒலிக்கிறதா? ஒலி அடங்கும் வேகம்தான் சிகரத்தின் உண்மையான அகலத்தைத் தீர்மானிக்கும். வீச்சு 0.2 விநாடியில் 37 சதவீதமாகக் குறைகிறது என்றால் அகலம் சுமார் 1.6 ஹெர்ட்ஸ். அதைவிட நெருக்கமான இரட்டையை எந்த மென்பொருளாலும் பிரித்துக் காட்ட முடியாது. முதலில் அடங்கும் நேரத்தை அளந்து, அதை ரெக்கார்டில் முதல் அட்டவணையாகப் போடுங்கள். "பிரிவு இல்லை" என்று எங்கும் எழுதாதீர்கள். "இவ்வளவுக்குக் கீழே" என்று எழுதுங்கள்.


நீலக்கோடு, பிப்ரவரி 3

மைக்கை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அது ஒரு மோடின் கணுக்கோட்டுக்கு மேலே இருந்தால் அந்த மோடு இல்லை என்றே தோன்றும். தட்டும் இடத்துக்கும் இதே கதைதான்.


காவிரிக்கரை, ஏப்ரல் 6

முடிவு வந்துவிட்டது, இங்கேதான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஒழுங்கான நிலையில் இரட்டையின் பிரிவு 2 ஹெர்ட்ஸுக்குக் கீழே. 1, 9 கண்களை இறக்கியதும் 8.6, பிழை 0.7. மைக்கைச் சுற்றி நகர்த்தினால் ஒரு சிகரம் உயரும் இடத்தில் மற்றது தாழ்கிறது, கால் வட்டம் போனால் மாறிக்கொள்கிறது. கணுக்கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கின்றன என்பது இதிலேயே தெரிந்துவிட்டது.

நான்கு கண்களை இறக்கியபோது பயந்துவிட்டேன். மூன்றாவது சீரிசை பக்கம் மூன்று சிகரம். பிறகு மைக்கை நகர்த்திப் பார்த்தேன். ஒன்று மட்டும் எங்கே வைத்தாலும் ஒரே உயரம். அது கணுக்கோடு இல்லாத வட்ட மோடு. மற்ற இரண்டும் பிரிந்த இரட்டை, இடைவெளி 7.1, பிழை 0.9. அக்கா கணித்தபடிதான். ஆனால் பிரியக்கூடாத முதல் இரட்டையும் 4.2 பிரிந்திருந்தது. மூன்று நாள் திரும்பத் திரும்ப அளந்தும் போகவில்லை.

அந்தப் பெரியவரிடம் எடுத்துப் போனேன். என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. சுற்றிலும் விரலால் தட்டிக் கேட்டுவிட்டு, ஒரு கண்ணைத் தொட்டு, "நாலை இறக்கியிருக்கே. இது மட்டும் மத்த மூணைவிட இறங்கியிருக்கு பாரு" என்றார். நான் பென்சிலால் 13 என்று எழுதியிருந்த கண் அது. ஒரே ஒரு தட்டு, மேலிருந்து. அங்கேயே அவர் கூடத்தில் உட்கார்ந்து அளந்தேன். முதல் இரட்டை 2-க்குக் கீழே வந்துவிட்டது. மற்றது 7 பக்கத்திலேயே நின்றது.


பழைய லேப், ஏப்ரல் 6

தட்டுவதற்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் அடுத்தடுத்த பக்கத்தில் போடுங்கள் அம்மா. 4.2-ஐ ஒளிக்காதீர்கள். பெரியவரின் பெயரை நன்றியுரையில் மட்டும் வைத்துவிடாமல், முறை பற்றிய அத்தியாயத்தில், அவர் செய்த இடத்தில் எழுதுங்கள்.


பலாக்கட்டை, ஏப்ரல் 7

பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "13-ஐ எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாள்?" என்று கேட்கிறார்.


காவிரிக்கரை, ஏப்ரல் 8

வலந்தலையைப் பார்த்து உட்கார்ந்தால் மேலே இருப்பது 1, அங்கிருந்து வலமாக எண்ணினேன் அண்ணா. ரெக்கார்டிலும் படம் போட்டிருக்கிறேன்.

சார், நீங்கள் சொன்னபடி மூன்றாம் அத்தியாயத்தில் எழுதிவிட்டேன். வைவா 24-ம் தேதி. மிருதங்கத்தைக் கொண்டு வரலாமா என்று கைடிடம் கேட்டேன். அவர் வருவாரென்றால் பெரியவரையும் அழைத்து வா என்றார்.